ஃபேர் ஐல் தீவின் பறவைக் கணக்கு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து என்று இரண்டு தீவுக் கூட்டங்கள் உள்ளன. இவற்றுக்கு நடுவே, இரு பக்கமும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடல் சூழத் தனித்துக் கிடக்கும் சிறு தீவு ஃபேர் ஐல். நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் அதில் பாதி. தென்பாதியில் வீடுகளும் சிறு வயல்களும் இருக்கின்றன. வடபாதி முழுவதும் ஆடு மேயும் குன்று. இரண்டையும் ஒரு நீண்ட கல்மதில் பிரிக்கிறது. மரம் என்று சொல்லத்தக்க எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. மக்கள்தொகை ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. இத்தீவின் பெயர் உலகெங்கும் தெரிந்திருப்பதற்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று பல வண்ண நூலால் பின்னும் கம்பளிச் சட்டை, மற்றொன்று பறவை.

ஐரோப்பாவில் பறவை வலசை குறித்து முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கிய இடங்களில் ஃபேர் ஐல் முக்கியமானது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் அந்த வரலாற்றில் வெளியிலிருந்து வந்த அறிஞர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு தீவின் குடியானவர்களுக்கும் உண்டு.

காற்று கொண்டுவரும் விருந்தாளிகள்

தீவு இருக்கும் இடமே அதன் முதல் செல்வம். நார்வே, சுவீடன், பின்லாந்து காடுகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் சிறு பறவைகள் இலையுதிர் காலத்தில் தெற்கும் தென்மேற்கும் நோக்கிக் கிளம்புகின்றன. பெரும்பாலானவை இரவில் பறப்பவை. கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வீசி, கூடவே மழையும் மூடுபனியும் சேர்ந்தால் அவை வழி விலகி வட கடலுக்கு மேலே தள்ளப்படுகின்றன. விடியும்போது கண்ணில் படும் முதல் நிலத்தில் இறங்கியே ஆக வேண்டும். கோல்ட்கிரெஸ்ட் என்னும் பறவையின் எடை 5, 6 கிராம்தான். அதுகூட இப்படிக் கடல் கடந்து வந்து, தீவின் கல்மதில் இடுக்கில் பூச்சி தேடுவதைக் காணலாம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சைபீரியாவைச் சேர்ந்த பறவைகளும் வந்து சேர்வதுண்டு. பெச்சோரா நெட்டைக்காலி, லான்சியோலேட்டட் கதிர்க்குருவி போன்றவற்றை மேற்கு ஐரோப்பாவில் பார்க்க விரும்புவோர் முதலில் நினைப்பது ஃபேர் ஐலைத்தான். மரமே இல்லாததால் வந்திறங்கும் பறவை ஒளிந்துகொள்ள ஓட்ஸ் வயல், முட்டைக்கோஸ் பாத்தி, ஓடைக் கரை, மதிலோரம் தவிர வேறு இடமில்லை. பெருநிலத்தில் காட்டுக்குள் மறைந்துவிடும் பறவை இங்கே கண்ணில் பட்டுவிடுகிறது.

உணவும் இறகும்

அறிவியல் வருவதற்கு முன்பு தீவாருக்குப் பறவை என்றால் உணவு. கில்லிமாட், பஃபின், கிட்டிவேக் போன்ற கடற்பறவைகள் செங்குத்துப் பாறைகளில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டின. தீவின் ஆண்கள் பாறையில் இறங்கி முட்டையும் பறவையும் எடுத்தார்கள். இறைச்சி சமையலுக்கும் இறகு மெத்தைக்கும் போயின. வட அட்லாண்டிக் தீவுகள் பலவற்றில் இதுவே வழக்கம். மேற்கே செயின்ட் கில்டா தீவில் வாழ்க்கையே கடற்பறவையை நம்பி நடந்தது. 1869இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடற்பறவைகளைக் காக்கும் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது செயின்ட் கில்டாவுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டியிருந்தது.

ஃபேர் ஐல் மக்கள் அந்த அளவுக்குப் பறவையை நம்பியிருக்கவில்லை. மீன்பிடிப்பு, சிறு வேளாண்மை, ஆடு வளர்ப்பு, பின்னல் ஆகியவை அவர்களுடைய பிழைப்பு. ஆனாலும் நிலம் குறைவு, வாய்கள் அதிகம். 1861இல் தீவில் சுமார் 380 பேர் இருந்தார்கள். அடுத்த ஆண்டே நூறு பேருக்கு மேல் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குப் பிறகு மக்கள்தொகை இறங்குமுகம்தான்.

கலங்கரை விளக்கமும் குறிப்பேடும்

பறவை வலசையை ஒரே இடத்தில் இருந்து ஆண்டுக்கணக்கில் கவனிக்கலாம் என்று காட்டியவர் ஹைன்ரிக் கேட்கே. ஜெர்மானிய ஓவியரான இவர் 1837இல் வட கடலின் ஹெலிகோலாண்ட் தீவுக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே தங்கினார். தாம் கண்ட வலசையை 1891இல் நூலாக்கினார். அதே காலத்தில் பிரிட்டனில் வேறொரு முயற்சி நடந்தது. இரவில் விளக்கொளியால் ஈர்க்கப்படும் பறவைகள் கலங்கரை விளக்கங்களில் மோதி விழுவது வழக்கம். 1880களில் ஒரு குழு, விளக்கக் காவலர்களுக்குப் படிவங்கள் அனுப்பி, எந்த நாளில் எந்தப் பறவை வந்தது என்று எழுதி வாங்கியது.

அந்தக் குவியலிலிருந்து வலசைப் பாதைகளைப் பிரித்தறியும் வேலை வில்லியம் ஈகிள் கிளார்க்கிடம் வந்தது. எடின்பரோவில் உள்ள அரச அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிளார்க், பிறர் எழுதியதை மட்டும் நம்பி இருக்கவில்லை. 1901இல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தில் ஒரு மாதம் தங்கிக் கவனித்தார். பின்பு வரைபடத்தில் ஃபேர் ஐலின் இருப்பைக் கண்டு 1905இல் அங்கே போனார். அங்கு 1892இல்தான் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு கலங்கரை விளக்கங்கள் கட்டப்பட்டிருந்தன. முதல் பருவத்திலேயே எதிர்பார்த்ததற்கு மேல் பறவைகள் கிடைத்தன. தொடர்ந்து பல ஆண்டுகள் இலையுதிர் காலத்தில் அங்கே வந்தார். 1912இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய ‘ஸ்டடீஸ் இன் பேர்ட் மைக்ரேஷன்’ நூல் ஃபேர் ஐலைப் பறவையியலாளர்களின் வரைபடத்தில் ஏற்றியது.

கிளார்க் செய்த மிக முக்கியமான வேலை ஆள் தேர்வு. ஆண்டில் சில வாரங்களே அவர் தீவில் இருக்க முடியும். மீதி நாட்களில் கணக்கு எழுத ஆள் வேண்டும். தீவின் குடியானவர் ஜார்ஜ் ஸ்டவுட்டுக்குப் பறவைகளை இனம் காணவும் குறிப்பு எழுதவும் பயிற்சி அளித்தார். ஸ்டவுட்டுக்குப் பிறகு ஜெரோம் வில்சன் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். வயல் வேலை, ஆட்டு வேலை, மீன் வேலைக்கு இடையே அன்றாட வரவை எழுதி எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். தொலைநோக்கிகள் தரம் குறைந்திருந்த காலம் அது. அரிய பறவை என்றால் சுட்டு உடலை அனுப்பினால்தான் ஏற்கப்பட்டது. உணவுக்காகப் பறவையைத் தேடிய கண்கள் இப்போது பதிவுக்காகத் தேடின. தீவின் வீடுகளில் பறவை அறிவு தலைமுறை தாண்டி வருவதற்கு இந்த ஏற்பாடே அடித்தளம்.

கிளார்க்கைத் தொடர்ந்து வந்தவர்களில் பெட்ஃபர்ட் சீமாட்டி மேரி ரசல் குறிப்பிடத்தக்கவர். முதல் உலகப் போருக்கு முந்தைய சில ஆண்டுகள் சொந்தப் படகில் வந்து, தீவில் ஒரு குடியானவர் வீட்டில் தங்கிப் பறவை பார்த்தார். முதுமையில் விமானம் ஓட்டக் கற்று, 1937இல் தனியே பறந்தபோது மறைந்தார்.

சிறைமுகாமில் பிறந்த திட்டம்

1930களில் பறவையியலின் முறை மாறியது. சுடுவதற்குப் பதில், உயிரோடு பிடித்து, காலில் எண்ணிட்ட உலோக வளையம் மாட்டி விடுவது பரவியது. 1899இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் தொடங்கிய முறை இது. பிரிட்டனில் 1909 முதல் நடந்து வந்தது. வளையமிட்ட பறவை வேறெங்காவது மீண்டும் கிடைத்தால் அதன் பயணம் தெரியும். பிற்காலத்தில் தமிழகத்தின் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மேற்கொண்ட ஆய்வும் இம்முறையைச் சார்ந்ததே. 1933இல் வேல்ஸ் கடற்கரையை ஒட்டிய ஸ்கோகோம் தீவிலும், 1934இல் ஸ்காட்லாந்தின் ஐல் ஆஃப் மே தீவிலும் பறவை நோக்ககங்கள் தொடங்கின.

ஐல் ஆஃப் மே முயற்சியில் ஈடுபட்ட இளைஞர்களில் ஒருவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். எடின்பரோவில் எழுதுபொருள் வணிகம் செய்த குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். 1935இல் முதன்முறை ஃபேர் ஐலுக்குப் போனதும் அந்தத் தீவு அவரைப் பற்றிக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் வந்தது, படையில் சேர்ந்தார், 1941இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போர்க்கைதி முகாமிலும் பறவைக் குறிப்பு எழுதுவதை விடவில்லை. பெர்லினின் புகழ்பெற்ற பறவையியலாளர் எர்வின் ஷ்ட்ரெசெமான், பகை நாட்டவர் என்று பாராமல், கைதிகளாக இருந்த பறவை ஆர்வலர்களுக்கு உதவினார். அவர்களில் வாட்டர்ஸ்டனும் ஒருவர். இதே ஷ்ட்ரெசெமான்தான் அதற்குப் பத்தாண்டு முன்பு பெர்லினில் இந்தியப் பறவையியலாளர் சலீம் அலிக்கு வழிகாட்டியாக இருந்தவர்.

முகாமில் இயன் பிட்மன் என்ற மற்றொரு கைதியோடு சேர்ந்து வாட்டர்ஸ்டன் ஃபேர் ஐலுக்கு ஒரு நோக்ககம் தீட்டினார். கட்டடம் எங்கே, பணம் எப்படி, யார் பொறுப்பு என்பதெல்லாம் காகிதத்தில் எழுதப்பட்டன. 1943இல் சிறுநீரக நோய் காரணமாக விடுவிக்கப்பட்டுக் கப்பலில் ஊர் திரும்பியபோது, ஸ்காட்லாந்து மண்ணில் அவர் கண்ட முதல் துண்டு ஃபேர் ஐலாகவே இருந்தது. 1947இல் தீவையே விலைக்கு வாங்கினார். 1948இல், போர்க்காலத்தில் கடற்படை விட்டுச்சென்ற மரக் குடிசைகளில், வடக்குத் துறைமுகத்தை ஒட்டி ஃபேர் ஐல் பறவை நோக்ககம் திறக்கப்பட்டது.

நோக்ககத்தின் ஒரு நாள்

முதல் பொறுப்பாளர் கென்னத் வில்லியம்சன். போர்க்காலத்தில் ஃபேரோ தீவுகளில் இருந்தவர். தீவு வாழ்க்கை பழக்கமானவர். 1948 முதல் 1956 வரை அவர் வகுத்த நடைமுறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது.

நாள் தொடங்குவது பொறிச் சுற்றோடு. இங்கே பயன்படுவது ஹெலிகோலாண்ட் பொறி. கம்பி வலையால் ஆன பெரிய கூடாரம். முன்வாய் பல மீட்டர் அகலம். உள்ளே போகப் போகக் குறுகும் மீன்பறியைப் போன்ற அமைப்பு. புதர் இல்லாத தீவில் இவை கல்மதில்களின் மீதும் ஓடைப் பள்ளங்களிலும் அமைக்கப்பட்டன. மதிலோரமாகப் பறந்து செல்லும் பறவையை ஓரிருவர் பின்னால் நின்று மெல்ல உள்ளே நடத்திச் செல்வார்கள். பறவை வெளிச்சத்தை நோக்கிப் போய், கடைசியில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் சேரும். அங்கிருந்து துணிப்பைக்கு, துணிப்பையிலிருந்து ஆய்வு மேசைக்கு. சிறகு நீளம் அளப்பார்கள், எடை போடுவார்கள், இறகு உதிர்ந்து முளைத்திருக்கும் நிலையைக் குறிப்பார்கள். வளையம் மாட்டிய சில நிமிடங்களில் பறவை வெளியே. காலை உணவுக்கு முன் ஒரு சுற்று, பின்பு பகலில் பல சுற்றுகள். இதுவரை இங்கே வளையமிட்ட பறவைகள் மூன்று லட்சத்துக்கும் மேல்.

மாலையில் கணக்கு வாசிப்பு. இரவு உணவுக்குப் பின் பொறுப்பாளர் இனங்களின் பெயரை வரிசையாகச் சொல்ல, தங்கியிருக்கும் விருந்தினரும் பணியாளரும் தாங்கள் அன்று பார்த்த எண்ணிக்கையைச் சொல்வார்கள். ஒரே பறவையை மூவர் பார்த்திருந்தால் பேசி ஒரே கணக்காக்குவார்கள். ஊரில் யார் வீட்டு வேலியில் எது இருந்தது என்ற செய்தியும் அதில் சேரும். அரிய பறவையைத் தீவுக்காரர் கண்டுபிடிப்பது இங்கே சாதாரணம்; ஆடு பார்க்கப் போனவர் கழுத்தில் தொலைநோக்கி தொங்கும்.

இந்த அன்றாடப் பதிவிலிருந்து பெரிய கேள்விகளுக்கு விடை தேடப்பட்டது. காற்றும் வானிலையும் பறவைகளை வழியிலிருந்து எப்படித் தள்ளுகின்றன என்ற விளக்கத்தை வில்லியம்சன் தீவின் குறிப்புகளையும் வானிலை வரைபடங்களையும் ஒப்பிட்டே உருவாக்கினார். கையில் பிடித்து அளந்த கதிர்க்குருவிகளின் விவரங்கள், அவற்றை இனம் காண உதவும் கையேடுகளாயின. தீவிலேயே வாழும் ரென் குருவி மற்ற இடத்து ரென்களிலிருந்து வேறுபட்டது என்று 1951இல் அவர் தனி உள்ளினமாக விவரித்தார். உலகில் வேறெங்கும் இல்லாத அந்த உள்ளினத்தின் எண்ணிக்கை சில பத்து இணைகளே. கடலோரப் பாறைகளில் பாடும் ஆண் குருவிகளை ஒவ்வொரு வசந்தத்திலும் நோக்ககத்தார் எண்ணி வருகிறார்கள்.

மக்கள் தங்குவதற்கான வழி

நோக்ககம் தொடங்கிய காலத்தில் தீவின் தலைமேல் ஒரு கத்தி தொங்கியது. 1930 ஆகஸ்ட் மாதம் செயின்ட் கில்டாவில் எஞ்சியிருந்த 36 பேரும் அரசிடம் கேட்டுக்கொண்டு தீவைக் காலி செய்திருந்தார்கள். ஃபேர் ஐலிலும் இளைஞர்கள் வெளியேறினார்கள். 1950களில் மக்கள்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. படகை இழுத்துக் கரையேற்றவே போதிய ஆள் இல்லாத நிலை வந்தால் ஊர் கலைந்துவிடும்.

பறவைக்காகத் தீவை வாங்கிய வாட்டர்ஸ்டன், ஊர் இல்லாமல் நோக்ககம் இல்லை என்பதை உணர்ந்திருந்தார். பணம் தனியொருவரால் ஆகாது என்றானதும் 1954இல் தீவை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அறக்கட்டளை வீடுகளைச் சீரமைத்தது, தன்னார்வலர்களை அழைத்து வந்து கட்டுமான வேலை செய்தது, புதிய குடும்பங்களுக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்தது. நோக்ககத்துக்கு வரும் விருந்தினரால் படகுக்கும் பின்னர் சிறு விமானத்துக்கும் பயணிகள் கிடைத்தார்கள். கடைக்கு வியாபாரம் நடந்தது. பின்னலாடைக்கு வாங்குவோர் வந்தார்கள். 1969இல் மரக் குடிசைகளுக்குப் பதிலாக முறையான கட்டடம் எழுந்தது. 2010இல் அதைவிடப் பெரியது கட்டப்பட்டது.

வாட்டர்ஸ்டன் பின்பு அரச பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பில் அமர்ந்தார். 1959இல் லோக் கார்டன் ஏரியில் விரால் அடிப்பான் கழுகின் கூட்டை மறைக்காமல் பொதுமக்கள் பார்க்க ஏற்பாடு செய்தது அவருடைய துணிச்சலான முடிவு. காக்க வேண்டிய பறவையைப் பொதுமக்கள் பார்க்கட்டும், பார்த்தால் காப்பார்கள் என்பது அதன் அடிப்படை.

1968இல் ஃபேர் ஐலிலேயே மற்றொரு முயற்சி நடந்தது. பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அற்றுப்போயிருந்த வெண்வால் கடற்கழுகைத் திரும்பக் கொண்டுவர, அப்போதைய பொறுப்பாளர் ராய் டென்னிஸ் நார்வேயிலிருந்து நான்கு இளம் கழுகுகளைக் கொண்டுவந்து விட்டார். அவை நிலைக்கவில்லை. எதிரியின் மேல் நாற்றமெடுக்கும் எண்ணெயைக் கக்கும் ஃபுல்மார் பறவைகளை வேட்டையாடப் போய், இறகெல்லாம் எண்ணெய் ஒட்டி ஒன்று இறந்தது. ஆனாலும் அந்தப் பாடம் வீணாகவில்லை. 1975இல் ரம் தீவில் பெரிய அளவில் தொடங்கிய மறு அறிமுகம் வெற்றி பெற்றது. ஸ்காட்லாந்தில் இன்று அக்கழுகுகள் நூறு இணைகளுக்கு மேல் வாழ்கின்றன.

குறையும் கணக்கு

நெடுங்காலப் பதிவின் அருமை, எண்ணிக்கை சரியும்போதுதான் தெரிகிறது. 1980களின் இறுதியில் ஃபேர் ஐல் பாறைகளில் கிட்டிவேக் கூடுகள் 18,000க்கும் மேல் இருந்தன. 2013இல் அவை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. ஆர்க்டிக் ஆலா, ஆர்க்டிக் ஸ்குவா போன்றவையும் பல ஆண்டுகளில் குஞ்சே பொரிக்காமல் போயின. காரணம் கடலுக்குள் இருந்தது. குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் முக்கிய இரையான சாண்ட் ஈல் என்ற சிறு மீன் அருகியது. கடல் சூடேறுவதால் அம்மீனின் உணவான மிதவை உயிரிகள் மாறின. தொழிற்சாலை மீன்பிடிப்பும் நெருக்கியது. அதே காலத்தில் வேறு இரை உண்ணக்கூடிய, ஆழப் பாய்ந்து மீன் பிடிக்கும் கேனட் பறவைகள் பெருகின. 1970களின் நடுவில்தான் தீவில் முதன்முதல் கூடு கட்டிய அவை இப்போது ஆயிரக்கணக்கில் உள்ளன. 2022இல் பரவிய பறவைக் காய்ச்சல், ஷெட்லாந்தார் ‘போங்சி’ என்று அழைக்கும் பெரிய ஸ்குவாக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது.

தொலைதூரத்துச் சரிவும் இந்தக் குறிப்பேட்டில் தெரிந்தது. வட ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவி வாழ்ந்த மஞ்சள் மார்பு பன்டிங், 1980களிலும் 90களிலும் செப்டம்பர் மாதங்களில் ஃபேர் ஐலில் பெரும்பாலும் ஆண்டு தவறாமல் தென்பட்டது. பிறகு வரவு நின்றுபோனது. குளிர்காலத்தில் அவை தங்கும் சீனாவில் உணவுக்காகப் பெருமளவில் வலையிட்டுப் பிடிக்கப்பட்டதே காரணம். 2017இல் அது உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள பறவை என்று அறிவிக்கப்பட்டது.

கடலைக் காக்கும் கோரிக்கையைத் தீவாரே எழுப்பினார்கள். ஊர் மக்கள், நோக்ககம், தேசிய அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து, தீவைச் சுற்றியுள்ள கடலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வலியுறுத்தின. 2016இல் ஸ்காட்லாந்து அரசு அதைச் செயல்விளக்கத்துக்கும் ஆய்வுக்குமான கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. ஸ்காட்லாந்தில் இவ்வகையில் இதுவே முதலாவது. 2024இல் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் சாண்ட் ஈல் பிடிப்பதற்குத் தடை வந்தது.

தீயும் மீட்சியும்

2019 மார்ச் 10 அன்று நோக்ககக் கட்டடம் தீப்பற்றி எரிந்து சாம்பலானது. பருவம் தொடங்காததால் விருந்தினர் இல்லை, யாருக்கும் காயமில்லை. தீவின் சிறு தீயணைப்புக் குழுவோடு ஷெட்லாந்திலிருந்து வந்த வீரர்களும் போராடினார்கள், ஆனாலும் கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. 1948 முதல் எழுதிய பறவைக் குறிப்புகள் முன்பே கணினியில் ஏற்றப்பட்டிருந்ததால் அவை தப்பின. கட்டடம் இல்லாத ஆண்டுகளிலும் பணியாளர்கள் ஊர் வீடுகளில் தங்கி, பொறிச் சுற்றையும் கடற்பறவைக் கணக்கெடுப்பையும் விடாமல் செய்தார்கள். காப்பீட்டுத் தொகையும் நன்கொடைகளும் திரட்டி, அதே இடத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டது.

ஃபேர் ஐல் எதையும் எளிதில் வெல்லவில்லை. சூடேறும் கடலையோ வேறு கண்டத்து வலையையோ ஐம்பது பேர் கொண்ட ஓர் ஊர் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் கிளார்க் காலத்திலிருந்து இன்றுவரை தொடர்ச்சியாக எழுதப்பட்ட அதன் பறவைக் கணக்கு, எது எப்போது குறைந்தது என்பதைச் சான்றோடு காட்டுகிறது. மீன்பிடிப்புத் தடை, கடல் பாதுகாப்பு போன்ற முடிவுகள் அத்தகைய சான்றின் மேல்தான் நிற்கின்றன. அந்தக் கணக்கு அறுபடாததற்குக் காரணம், அதை எழுதும் வேலையில் ஊர் மக்களுக்குத் தொடக்கத்திலேயே இடம் தரப்பட்டதும், பறவையால் வந்த வருமானம் ஊரிலேயே தங்கியதும்தான். மக்களை வெளியேற்றிவிட்டுப் பறவையைக் காப்பதைவிட, மக்கள் தங்கியிருக்க வழி செய்து காப்பது நீடிக்கும் என்பதற்கு இத்தீவின் வரலாறு தெளிவான சான்று.